கரட்டுப் பூங்காவில் கொடுத்த கை

என் அப்பாவைத் தோளில் துண்டில்லாமல் நான் பார்த்தது அவர் குளிக்கும்போது மட்டும்தான். போடி கடைத்தெருவில் அவருக்கு ஏலக்காய் வியாபாரம். அந்த நாளில் அங்கே விலையை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். சாக்கிலிருந்து ஒரு பிடி காயை அள்ளி, உள்ளங்கையில் உருட்டி, முகர்ந்து பார்த்துவிட்டு, தோளில் கிடக்கும் துண்டை எடுத்து எதிராளியின் கைமேல் போடுவார் அப்பா. பிறகு விரல்கள் பேசும். வாய் மட்டும் மழையைப் பற்றியும் மகன் படிப்பைப் பற்றியும் சம்பந்தமில்லாமல் எதையாவது பேசிக்கொண்டிருக்கும். சுற்றிலும் பத்துப் பேர் நின்றாலும் துண்டுக்கடியில் என்ன நடந்தது என்பது அந்த இரண்டு பேருக்குத்தான் தெரியும்.

விரலைத் தொட்டால் கேள்வி. உள்ளங்கையைச் சுரண்டினால் யோசிக்க வேண்டும் என்று அர்த்தம். கையை உருவிக்கொண்டால் வேண்டாம். ஐந்து விரலையும் சேர்த்து இறுகப் பிடித்தால் முடிந்தது. அதற்குப் பிறகு விலை ஏறினாலும் இறங்கினாலும் பேச்சு மாறக் கூடாது. மாறினவன் கைமேல் அப்புறம் யாரும் துண்டு போட மாட்டார்கள். கடைத்தெருவில் அதைவிடப் பெரிய தண்டனை கிடையாது.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், பள்ளிக்கூடம் விட்டதும் நான் நேராகக் கடைக்குத்தான் போவேன். பக்கோடா வேண்டுமா, கடலை மிட்டாய் வேண்டுமா என்பதைக்கூட அப்பா என் கைமேல் துண்டைப் போட்டுத்தான் கேட்பார். நானும் பெரிய வியாபாரி மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, சுரண்டி, இழுத்து, கடைசியில் ஐந்து விரலையும் பிடிப்பேன். நான் பெரிய மனுஷியானதும் கடைக்குப் போவது நின்றது. துண்டும் அதோடு நின்றது. அதற்கப்புறம் அப்பா என்னிடம் எதையும் கேட்டதாக நினைவில்லை. வீட்டில் அவர் பேசுவதே குறைவு. கேட்க வேண்டியதையெல்லாம் அம்மாவும் அத்தையும் கேட்டுக்கொள்வார்கள், அல்லது கேட்காமலே முடித்துவிடுவார்கள்.

எழுபதுகளின் நடுவில், எனக்கு இருபது வயது நடந்தபோது, என்னைப் பெண் பார்க்க ஆரம்பித்தார்கள். முதலில் பெரியகுளத்திலிருந்து ஒரு வீட்டார் வந்து, நான் சுட்ட வடையில் ஆளுக்கு மூன்று தின்றுவிட்டு, ஊருக்குப் போய்க் கடுதாசி போடுகிறோம் என்று போனார்கள். போடவில்லை. இரண்டாவதாக வந்தவர்களுக்கு என்னைப் பிடித்துவிட்டது, எங்கள் வீட்டுக்குத்தான் அவர்களைப் பிடிக்கவில்லை. இரண்டு தடவையும் எனக்கு என்ன தோன்றியது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. மூன்றாவது வரன் வந்திருக்கிறது என்று அத்தை சொன்ன அன்று எனக்குச் சுர்ரென்று வந்துவிட்டது.

"காப்பித் தட்டைத் தூக்கிட்டு வர ஒரு ஆளைச் சம்பளத்துக்கு வச்சுக்கங்க. என்னைய ஒரு வார்த்தை கேக்காம இனிமே நான் எவுக முன்னாலயும் வந்து நிக்க மாட்டேன்" என்றேன்.

"ஏத்தா, பொம்பளப்பிள்ளையக் கேட்டுக்கிட்டா முடிவு பண்ணுவாக? ஊரு சிரிக்காது?" என்றாள் அத்தை. அவள் அப்பாவுக்கு அக்கா. மாமா இறந்த பிறகு எங்களோடு இருந்தாள். எங்கள் வீட்டில் அவள் சொல்வதுதான் சட்டம்.

அப்பா கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். ரொம்ப நேரம் பக்கத்தைத் திருப்பவே இல்லை. நான் அடுப்படிக்குப் போய்ப் பாத்திரங்களை வேண்டுமென்றே சத்தமாக அடுக்கினேன்.

இந்த மூன்றாவது வரனில் ஒரு சிக்கல் இருந்தது. பையன் வீட்டாருக்கும் ஏலக்காய் வியாபாரம், கம்பத்தில். குமுளிப் பக்கம் கொள்முதல். அப்பாவுக்கு அவர்கள் பேர் தெரியும், ஆளைப் பார்த்ததில்லை. வீட்டுக்கு வந்து பார்த்து, ஒத்து வராமல் போனால் கடைத்தெரு முழுக்கப் பேச்சாகும். நாளைக்கு வியாபாரத்தில் முகம் கொடுத்துப் பேச முடியாது. அதனால் தரகர் எங்கள் பக்கத்தில் வழக்கமாகச் செய்கிற ஏற்பாட்டைச் சொன்னார். இரண்டு வீட்டாரும் பொது இடத்தில் தற்செயலாக வந்தது போல வருவது. ஒருவருக்கொருவர் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளக் கூடாது, பேர் கேட்கக் கூடாது, ஊர் கேட்கக் கூடாது. பார்த்துவிட்டு அவரவர் வழியில் போய்விட வேண்டும். பிடித்திருந்தால் தரகர் வந்து பேசுவார். பிடிக்கவில்லையென்றால் பார்த்ததாகவே ஆகாது. தரகரும் கூட வரமாட்டார், அவர் முகத்தைப் பார்த்தாலே ஊருக்குத் தெரிந்துவிடும்.

வழக்கமாக வீரபாண்டிக் கோயிலில்தான் இது நடக்கும். ஆனால் அங்கே எந்நேரமும் போடிக்காரர் யாராவது நிற்பார்கள். அதனால் தரகர் யோசித்து வைகை அணையைச் சொன்னார். அணைக்கரையில் எல்லாரும் போகிற பெரிய பூங்காவை அல்ல. நீர்ப்பரப்புக்கு நடுவில் கரடு என்று சொல்கிற ஒரு சின்னப் பாறைக்குன்று உண்டு. தண்ணீர் ஏறினால் அது தீவாகிவிடும். அதன் உச்சியில் யாரோ ஒரு ஆர்வமுள்ள அதிகாரி நாலு சிமெண்டு பெஞ்சும் கொஞ்சம் பூச்செடியும் வைத்துச் சின்னதாக ஒரு பூங்கா போட்டிருந்தார். ஒரே ஒரு படகுதான் போய் வரும். தெரிந்த முகம் ஒன்றும் இருக்காது. அந்த வருஷம் நல்ல மழை, கரடு தீவாகத்தான் இருந்தது. தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றைக் குறித்தார்கள்.

"அப்பா, அம்மா, பையன், தங்கச்சி ஒண்ணு. பையன் வெள்ளைச் சட்டை போட்டிருப்பாரு. பத்து மணிப் படகு" என்று தரகர் அடையாளம் சொன்னார். அந்த நாளில் வெள்ளைச் சட்டை போடாத பையன் யார் இருந்தான் என்று எனக்கு இன்றும் புரியவில்லை.

தேனியில் பஸ் மாறி நாங்கள் அணைக்கு வந்து சேர்ந்தபோது மணி ஒன்பதே முக்கால். அப்பா, அம்மா, அத்தை, நான். எனக்கு அரக்குப் பட்டு. பகல் வெயிலில், படகில் ஏற, அரக்குப் பட்டு! தற்செயலாக வந்த குடும்பம் அப்படித்தான் வருமாம். அம்மா விடியற்காலையிலேயே எழுந்து புளிச்சோறும் குழிப்பணியாரமும் செய்து ஒரு கூடை நிறைய அடுக்கியிருந்தாள்.

படகுக்குப் பக்கத்தில் ஏற்கனவே ஒரு குடும்பம் நின்றது. நடுத்தர வயதில் ஒரு ஆணும் பெண்ணும், வெள்ளைச் சட்டையில் ஒரு வாலிபர், அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஏழெட்டு வயதில் ஒரு சிறுமி. அத்தை என் விலாவில் இடித்தாள்.

"தங்கச்சின்னா பெரிய பிள்ளையா இருக்கும்னு நெனச்சேன். பரவாயில்ல, நாத்தனார் சின்னதா இருந்தா நல்லதுதான்" என்று காதில் சொன்னாள்.

நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்பதால் இல்லை, கோபத்தில். தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

படகுக்காரர் ஈரக் கைலியை மடித்துக் கட்டியிருந்தார். எல்லாரும் ஏறி உட்கார்ந்ததும் துடுப்பை எடுத்துக்கொண்டே கேட்டார்.

"எல்லாரும் ஒரே குடும்பமா?"

"இல்ல!" என்று அத்தையும் அம்மாவும் ஒரே குரலில் கத்தினார்கள். "இல்லவே இல்ல. இவுக யாருன்னே எங்களுக்குத் தெரியாது" என்று அத்தை சேர்த்துக்கொண்டாள்.

எதிரில் உட்கார்ந்திருந்த அம்மாள் கொஞ்சம் திடுக்கிட்டுத்தான் போனார். படகுக்காரர் எங்களை ஒரு தரம், அவர்களை ஒரு தரம், என் பட்டுப்புடவையை ஒரு தரம் பார்த்துவிட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு துடுப்புப் போட்டார். பெண் பார்க்கிற படகு அவருக்குப் புதுசில்லை போல.

சிறுமிக்கு விதிமுறைகள் எதுவும் தெரியவில்லை. "அக்கா, உங்களுக்குக் கல்யாணமா?" என்று என்னிடம் கேட்டாள். "இல்லம்மா" என்றேன். "அப்ப ஏன் பட்டுக் கட்டியிருக்கீக?" நான் என்ன சொல்வது? "வேற சேலை நனைஞ்சு போச்சு" என்றேன். வெள்ளைச் சட்டைக்காரர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியதைப் பார்த்தேன். சிரிக்கிறார்! எனக்கு வந்த எரிச்சலில் அப்படியே தண்ணீரில் குதித்துவிடலாமா என்றிருந்தது.

கரட்டின் மேல் ஏறப் பாறையிலேயே வெட்டிய படிகள். அத்தை பத்துப் படிக்கு ஒரு தரம் நின்றாள். நிற்கும்போதெல்லாம் முன்னால் போகிறவர்களை எடைபோட்டாள். "அம்மாக்காரி நல்ல மாதிரியாத் தெரியுது. அப்பா அதிகம் பேசல, நம்ம வீட்டு மாதிரி. பையன் கையப் பாத்தியா, விரலெல்லாம் கறுப்பு."

"ஏலக்காய்க் கடையில கை எப்படிக் கறுக்கும்?" என்றாள் அம்மா.

"காய வைக்க மெஷின் வச்சிருப்பாக. இப்பல்லாம் எல்லாத்துக்கும் மெஷின்தான்" என்று அத்தை முடித்துவிட்டாள். அவர்கள் கையில் இருந்தது பெரிய அடுக்குக் கேரியர் இல்லை, ஒரு சாதாரணத் தூக்குவாளி. அதற்கும் அத்தை காரணம் வைத்திருந்தாள். பணக்காரர்கள் பகட்டுக் காட்ட மாட்டார்களாம். பொருந்தாத ஒவ்வொன்றையும் அவள் இப்படிப் பொருத்திக்கொண்டே மேலே வந்தாள். நேரடியாக ஒரு கேள்வி கேட்டிருந்தால் தீர்ந்திருக்கும். கேட்கக் கூடாதே!

உச்சிக்கு வந்ததும் எனக்குக் கோபம் கொஞ்சம் மறந்துபோனது, அதை ஒப்புக்கொள்கிறேன். நாலு பக்கமும் தண்ணீர். மேற்கே எங்கள் போடி மலை நீலமாக நின்றது. தெற்கே வருசநாட்டு மலை. பிறந்ததிலிருந்து அந்த மலைகளை அடியிலிருந்து அண்ணாந்தே பார்த்திருக்கிறேன். இங்கிருந்து பார்க்கும்போது அவையும் நம்மைப் போல ஓர் ஓரமாக உட்கார்ந்து தண்ணீரை வேடிக்கை பார்ப்பது மாதிரி இருந்தது. காற்று முந்தானையை இழுத்துக்கொண்டு போனது. ஒரு சறுக்குமரம், கொம்பு உடைந்த ஒரு சிமெண்டு மான், காகிதப்பூக் கொடி ஏறிய ஒரு வளைவு, அவ்வளவுதான் பூங்கா. ஆனால் செடியெல்லாம் வாடிக் கிடந்தது.

காரணம் கீழ்ச்சரிவில் இருந்தது. அங்கே தோட்டக்காரர் ஒருவர் ஒரு மண்ணெண்ணெய் எஞ்சினைக் காலால் உதைத்துக்கொண்டிருந்தார். ஏரித் தண்ணீரை மேலே ஏற்றுகிற எஞ்சின், இரண்டு நாளாகக் கிளம்பவில்லையாம். உதைத்தால் கிளம்பும் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை.

வெள்ளைச் சட்டைக்காரர் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தூக்குவாளியை வைத்துவிட்டுக் கீழே இறங்கினார். சட்டைக் கையை மடித்துவிட்டார். காதை வைத்துக் கேட்டார், எதையோ கழற்றினார், ஊதினார். பிறகு எழுந்து மேலே வந்து, எங்கள் பெஞ்சுக்கு எதிரே, நேராக என் முன்னால் நின்றார்.

"தப்பா நெனச்சுக்காதீங்க. தலையில இருக்கிற ஹேர்பின் ஒண்ணு குடுக்க முடியுமா? எண்ணெய் வர்ற குழாய் அடைச்சிருக்கு" என்றார்.

விதிமுறைகள் எல்லாம் தவிடுபொடி. அம்மா அத்தையைப் பார்த்தாள். அத்தை வானத்தைப் பார்த்தாள். நான் பின்னலிலிருந்து ஒன்றை உருவிக் கொடுத்தேன். கொடுக்கும்போதுதான் முதல் முறையாக அவர் முகத்தை நேராகப் பார்த்தேன். என்னைப் பெண் பார்க்க வந்தவர் மாதிரியே இல்லை. அவர் கவனமெல்லாம் குழாயில்தான் இருந்தது. இரண்டு தடவை என்னை மேலும் கீழும் அளந்துவிட்டுப் போனவர்களைப் பார்த்தவள் நான். என்னிடம் எனக்கே சொந்தமான ஒரு பொருளை 'முடியுமா' என்று கேட்டு வாங்கிய முதல் ஆள் இவர்தான். எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது.

கால் மணி நேரத்தில் எஞ்சின் தடதடவென்று கிளம்பியது. மேலே ரப்பர் குழாயின் வாயைப் பிடித்துக்கொண்டு நின்ற சிறுமி, தண்ணீர் வந்த வேகத்தில் பயந்துபோய்க் குழாயைத் திருப்ப, அப்போதுதான் மேலே ஏறி வந்த அண்ணன்காரர் தலையிலிருந்து கால்வரை நனைந்தார். வெள்ளைச் சட்டையில் கறுப்பும் சேறும். அப்படியே நின்று, "இப்ப எனக்கும் சட்டை நனைஞ்சு போச்சு" என்றார், என்னைப் பார்க்காமல், பொதுவாக. நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அத்தை தொடையில் கிள்ளினாள். கிள்ளியும் நிறுத்த முடியவில்லை. தோட்டக்காரர் சிரித்தார், அம்மா சிரித்தாள். கடைசியில் அத்தையே முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பா மட்டும் சிரிக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மத்தியானம் இரண்டு குடும்பமும் இரண்டு பெஞ்சில், முறையான இடைவெளி விட்டுச் சாப்பிட உட்கார்ந்தோம். அத்தைக்குப் பொறுக்கவில்லை. "தெரியாதவுகளுக்குப் பணியாரம் குடுத்தா தப்பா?" என்று சிறுமியைக் கூப்பிட்டு ஒரு தட்டு கொடுத்தனுப்பினாள். கொஞ்ச நேரத்தில் தட்டு பன்னீர் திராட்சையோடு திரும்பி வந்தது.

"பதில் சீர் வந்துருச்சு. அவுகளுக்குப் புடிச்சிருக்கு!" என்று அத்தை ரகசியமாகக் குதித்தாள். உடனே புளிச்சோறு போனது. தேங்காய்ச் சாதம் திரும்பி வந்தது. மறுபடி பணியாரம் போனது. அந்த அம்மாள் தூரத்திலிருந்து கும்பிட்டு, போதும் போதும் என்று கையைக் காட்டினார். அத்தை அதையும் பணிவு என்று எடுத்துக்கொண்டாள்.

சாப்பிட்டபின் அம்மாவும் அத்தையும் செடிகளைப் பார்க்கப் போனார்கள். பெஞ்சில் நான் மட்டும் இருந்தேன். அப்பா வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். மேற்கே பார்த்துக்கொண்டு, "மலையில மேகம் கூடியிருக்கு" என்றார்.

"ஆமாப்பா" என்றேன்.

தோளிலிருந்து துண்டை எடுத்தார். மடியில் கிடந்த என் வலது கைமேல் போட்டார். அவர் கை அதற்கடியில் வந்தது. ஒரு விரலால் என் ஆள்காட்டி விரலைத் தொட்டார்.

ஏழெட்டு வருஷமாயிற்று அந்தக் கையைத் தொட்டு. அன்றைக்குப் பேப்பரின் பக்கத்தைத் திருப்பாமல் அவர் உட்கார்ந்திருந்தது இதற்காகத்தான். என்னைக் கேட்கிறார்! வாயால் கேட்க அவருக்கு வராது, வழக்கமும் இல்லை. அவருக்குத் தெரிந்த ஒரே பாஷையில், ஒரு பெரிய வியாபாரியைக் கேட்பது போல, மரியாதையாகக் கேட்கிறார். நான் கையை உருவிக்கொண்டால் அதோடு விட்டுவிடுவார், காரணம்கூடக் கேட்க மாட்டார் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

கொஞ்சம் காக்க வைத்தேன். கேட்டதும் பிடித்துவிட்டால் என் மதிப்பு என்னாவது? உள்ளங்கையை ஒரு தரம் சுரண்டினேன். அப்பா காத்திருந்தார். "மழை கீழ வராது, மலையோட நின்னுரும்" என்றேன், வாய்க்கு வந்ததை. பிறகு ஐந்து விரலையும் சேர்த்து இறுகப் பிடித்தேன்.

அப்பா ஒரு குலுக்குக் குலுக்கினார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

திரும்பி வந்த படகில் எனக்குத் தண்ணீரெல்லாம் அழகாக இருந்தது. கரையை நெருங்கும்போது அங்கே ஒரு குடும்பம் காத்து நிற்பது தெரிந்தது. நெற்றி நிறைய விபூதியோடு ஒரு பெரியவர், பெரிய அடுக்குக் கேரியரோடு ஓர் அம்மாள், தாவணி போட்ட ஒரு பெண், வெள்ளைச் சட்டையில் ஒரு வாலிபர். அவர்களுக்கு முன்னால், வரவே கூடாத தரகர், இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டு நின்றார்.

நாங்கள் இறங்கியதும் ஓடிவந்தார். "மன்னிச்சுக்கங்க. இவுக வந்த பஸ்சு சின்னமனூர்ல பஞ்சராயிருச்சு. தேனியில தவிச்சு நின்னாக, நான்தான் கூட்டிட்டு வந்தேன். ரொம்ப நேரம் காத்திருந்தீகளா?"

அத்தை வாயைத் திறந்தாள், மூடினாள். பின்னால் திரும்பி, படகிலிருந்து தங்கையைத் தூக்கி இறக்கிக்கொண்டிருந்த கறுப்பு விரல்காரரைப் பார்த்தாள். "அப்ப... அங்கன... நம்ம பணியாரமெல்லாம்..." என்றாள். படகுக்காரர் துடுப்பைக் கீழே போட்டுவிட்டுக் குனிந்து சிரித்தார்.

ஒன்றும் அறியாமல் பிக்னிக் வந்த ஒரு குடும்பம்! அவர்களோ சிறுமி கையை நீட்டிக் காட்டிய மீன் வறுக்கும் கடைக்கு நடந்து போய்க்கொண்டிருந்தார்கள்.

"ஒண்ணும் கெட்டுப்போகல. இன்னொரு நடை போயிட்டு வந்துருவோம். படகு நிக்கிது" என்றார் தரகர். அம்மாவும் தலையாட்டினாள். புடவையைச் சரி செய் என்று எனக்குக் கண் காட்டினாள். எல்லாரும் அப்பாவைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். ஒருவரும் கேட்காமலே என்னைத் திரும்பப் படகில் ஏற்றிவிட ஒரு தலையசைப்புப் போதும்.

அப்பா விபூதிக்காரரிடம் போய்க் கும்பிட்டார். "தப்பு எம்மேலதான். துண்டுக்கடியில கை குடுத்தாச்சு" என்றார்.

"யாரு கிட்ட?" என்று தரகர் பதறினார்.

"எம் மக கிட்ட."

தரகருக்குப் புரியவில்லை. அம்மாவுக்கும் புரியவில்லை. ஆனால் அந்தப் பெரியவர் ஏலக்காய்க்காரர். என்னை ஒரு தரம் பார்த்தார், அப்பாவின் தோளில் கிடந்த துண்டைப் பார்த்தார். "கை குடுத்தாச்சுன்னா அப்புறம் பேச என்னங்க இருக்கு" என்றார். கொஞ்சம்கூட முகம் சுளிக்கவில்லை. தன் குடும்பத்தைத் திரும்பிப் பார்த்து, "வந்ததுக்குப் பூங்காவையாவது பாத்துட்டுப் போவோம், ஏறுங்க" என்று படகில் ஏறிவிட்டார். அந்தப் பையனும் ஒன்றும் குறையில்லாத பையன்தான். பிற்பாடு நல்ல இடத்தில் கல்யாணமாகி நன்றாக இருக்கிறார். அவர் அப்பாவும் என் அப்பாவும் அதற்கப்புறம் எத்தனையோ தடவை துண்டு போட்டிருக்கிறார்கள்.

அப்பா நேராக மீன் கடைக்கு நடந்தார். பின்னாலேயே நாங்கள் ஓடினோம். வாழ்நாளில் நாலு வாக்கியம் சேர்ந்தாற்போல் பேசாத மனிதர், அந்தப் புகையில் நின்று, முன்பின் தெரியாத ஒரு குடும்பத்திடம், பெண் பார்க்க ஏற்பாடானதிலிருந்து எல்லாவற்றையும் சொன்னார். கடைசியில், "உங்களுக்குச் சம்மதமில்லன்னா அதுவும் சரிதான். கேக்காம போனா எங் கை பொய்யாப் போயிரும்" என்றார்.

அந்த அம்மாள் கேட்டுக்கொண்டே வந்தவர் சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "அதான் பாத்தேன், பணியாரமா வருதே, பணியாரமா வருதேன்னு! நல்ல சனமா இருக்காக, ஆனா கொஞ்சம் ஒரு மாதிரி போலன்னு இவுக கிட்டச் சொன்னேன்" என்றார்.

அப்புறம்தான் பேர் கேட்டோம், ஊர் கேட்டோம். உத்தமபாளையம். பையனின் அப்பாவுக்குத் திராட்சைத் தோட்டம், பையன் பழுதான மோட்டாருக்குக் கம்பி சுற்றிக் கொடுக்கிற கடை வைத்திருந்தார். அத்தை பழைய பலத்தோடு கேள்விகளை எடுத்து வீசினாள். மூன்றாவது கேள்வியிலேயே அவள் கொழுந்தன் வீட்டில் பெண் எடுத்த குடும்பத்துக்கு இவர்கள் பங்காளி என்று வந்துவிட்டது. "நான் கரட்டுல ஏறும்போதே சொன்னேன்ல, நல்ல சனம்னு" என்றாள், கொஞ்சமும் கூசாமல்.

"எங்களுக்கென்ன, பிள்ளை சிரிச்ச முகமா இருக்கா. ஆனா அவனைக் கேக்கணும்ல" என்றார் அந்த அம்மாள்.

எல்லாரும் கறுப்பு விரல்காரரைப் பார்த்தார்கள். சட்டை அரைகுறையாகக் காய்ந்து, கையில் பாதி தின்ற மீனோடு நின்றார். காது சிவந்துவிட்டது. இத்தனை பேர் முன்னால் எப்படிச் சொல்வார்? நான் மீன் சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த ஒரு நிமிஷத்தில் எனக்குப் புரிந்தது, கேட்கப்படுகிறவருக்கு 'வேண்டாம்' என்று சொல்லும் உரிமையும் உண்டு. எனக்குக் கொடுத்த உரிமைதான் அது.

அப்பா துண்டை எடுத்தார். மீன் இல்லாத அவருடைய இன்னொரு கையைத் துடைத்துவிட்டு, துண்டை அதன்மேல் போட்டார். "இந்தக் காத்துக்கு மீன் வாசம் கரடு வரைக்கும் போகும் போல" என்றார். இரண்டு பேரும் அப்படியே நின்றார்கள். துண்டு கொஞ்சம் அசைந்தது. பிறகு அசையவில்லை. பிறகு அப்பா, என் அப்பா, அந்தக் கடைவாசலில் தலையை நிமிர்த்திச் சத்தமாகச் சிரித்தார்.

சித்திரையில் கல்யாணம். துண்டுக்கடியில் நடந்ததை வெளியில் சொல்லக் கூடாது என்பதால் அப்பா கடைசிவரை எனக்குச் சொல்லவில்லை. கல்யாணமாகி ஒரு வாரம் கழித்து நானே என் வீட்டுக்காரரைக் கேட்டேன். முதலில் என் ஹேர்பின் எங்கே என்று கேட்டேன். அது அந்த எஞ்சினிலேயே இருக்கிறதாம், எடுத்தால் மறுபடி நின்றுவிடும் என்று விட்டுவிட்டு வந்தாராம். பிறகு துண்டைப் பற்றிக் கேட்டேன்.

"எனக்கு உங்க ஏலக்காய்க் கணக்கெல்லாம் என்ன தெரியும்?" என்றார். "உங்கப்பா ஒரு விரலைத் தொட்டாரு. என்ன சொல்லணும்னு தெரியல. கையை இறுகப் பிடிச்சுக்கிட்டேன். விடச் சொல்வாருன்னு பாத்தேன், சொல்லல. நானும் விடல."